கிக்காவின் வாலில் படையணி எண் எழுதாதீர்கள்

பட்டினப்பாக்கத்திலும் மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு பக்கங்களிலும் மாதிரி விமானம் கட்டும் தம்பி தங்கைகளுக்கு,

ஜீரோவையும் ஸ்பிட்ஃபயரையும் கட்டிப் பழகிய கை அடுத்து எதைத் தேடும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட விமானங்கள் அலமாரியை நிறைத்த பிறகு, ஒன்றிரண்டு மட்டும் உருவாகி, ஓரிரு முறை வானம் பார்த்து, போர் முடிந்ததோடு நின்றுபோன முன்மாதிரிகள் மேல் மனம் போகும். அந்த வரிசையில் ஜப்பானின் முதல் ஜெட் விமானமான நகாஜிமா கிக்காவுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. அதன் பத்து மீட்டர் சிறகு 1/48 அளவில் 21 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 1/72 என்றால் உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். கிக்காவைக் கட்டுங்கள். 1945 ஆகஸ்ட் 7 அன்று கிசராசு கடற்படைத் தளத்தில் அது எப்படி நின்றதோ, அப்படியே கட்டுங்கள். நடக்காத போருக்கு அதை அனுப்பி வைக்காதீர்கள். வாலில் படையணி எண், மூக்கில் பீரங்கி, பக்கவாட்டில் வீழ்த்திய விமானங்களின் கணக்கு, இவை எதுவும் வேண்டாம். ரசனை பற்றிப் பேசுகிறேன் என்று தோன்றலாம். நான் பேசுவது சான்று பற்றி.

கிக்கா எப்படிப் பிறந்தது என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நான் சொல்லப்போவதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஜெர்மனியிடமிருந்து ஜெட் எஞ்சினின் நுட்பத்தைப் பெற்றுவர ஜப்பான் நம்பியிருந்தது ஒரு நீர்மூழ்கிக் கப்பலை, ஐ-29 என்று பெயர். நம் ஊரில் அந்தக் கப்பலின் இன்னொரு பயணம்தான் பலருக்குத் தெரியும். 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே நடுக்கடலில், ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியையும் அவருடன் வந்த ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டது அதுவேதான். அதே ஐ-29 மறு ஆண்டு பிரான்ஸிலிருந்து எஞ்சின் பொருள்களோடு புறப்பட்டு 1944 ஜூலை நடுவில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. எய்ச்சி இவாயா என்ற கடற்படைப் பொறியாளர் அங்கேயே இறங்கி, கையில் கொண்டுபோகக்கூடிய சில ஆவணங்களோடு விமானத்தில் தோக்கியோ போனார். மீதியெல்லாம் கப்பலிலேயே இருந்தது. ஜூலை 26 அன்று லூசோன் நீரிணையில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று அதை மூழ்கடித்தது. கரை சேர்ந்ததில் முக்கியமானது பி.எம்.டபிள்யூ 003 எஞ்சினின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்று. அந்த ஒரு படத்தையும் தங்கள் சொந்த முயற்சியில் ஏற்கெனவே பட்ட பாட்டையும் வைத்துக்கொண்டு கடற்படைப் பொறியாளர்களான தனேகஷிமாவும் ஒசாமு நகானோவும் அவர்களது குழுவும் நே-20 எஞ்சினைச் செய்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 475 கிலோ உந்துவிசை தரும். கிக்காவின் இரண்டு சிறகுகளின் கீழும் ஒவ்வொன்று. 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சுக்குத் தப்ப வேண்டி விமான வேலை குன்மா மாநிலத்துப் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகைகளுக்கு மாறியது. புழுவுக்கு இலை போட்ட இடத்தில் ஜெட் விமானத்தின் தகடுகளை ஆணியடித்துச் சேர்த்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததற்கு மறுநாள், சுசுமு தகாவோகா அதை முதன்முறையாகப் பறக்கவிட்டார். அரைமணி நேரம்கூட இல்லாத பறப்பு. 11 ஆம் தேதி இரண்டாம் முறை, உந்துராக்கெட் கட்டிக் கிளப்ப முயன்றபோது, கிளம்பும் முன்பே நிறுத்த வேண்டி வந்து, ஓடுபாதையைத் தாண்டிப் போய்ச் சேதமடைந்தது. 15 ஆம் தேதி சரணாகதி. கிக்காவின் பறப்பு வரலாறு அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொன்னேன் என்றால், மாதிரி கட்டுபவருக்கு இந்த வரலாறு பின்னணித் தகவல் மட்டுமல்ல, வேலைக்கான அளவுகோலே இதுதான். ஆயிரக்கணக்கில் செய்த விமானத்தில் தவறு வந்தால் ஆயிரம் புகைப்படங்கள் திருத்திவிடும். ஒரே ஒரு முறை பறந்த விமானத்துக்கு ஒரு சில கறுப்பு வெள்ளைப் படங்களும் சில மனிதர்களின் நினைவுகளும் மிஞ்சிய உடல் ஒன்றும் மட்டுமே சாட்சி. அந்த உடல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வான்-விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. அதன் எஞ்சின் கூடுகள் நே-20 எஞ்சினை உள்ளே வைக்க முடியாத அளவு சிறியவை. அது பறப்பதற்காகச் செய்ததாக இல்லாமல், தரையில் சுமை ஏற்றிச் சோதிப்பதற்காகச் செய்த உடலாக இருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தின் கணிப்பு. அப்படியானால், கண்ணுக்கு முன்னால் நிற்கும் உண்மையான கிக்காவை மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து கட்டினாலும் அது பறந்த கிக்காவாகாது. கூட்டின் அளவுக்கு அருங்காட்சியகத்தை நம்பக் கூடாது. கிசராசுவில் எடுத்த படத்தை நம்ப வேண்டும். சிறகு மடியும் இடத்துக்கு அருங்காட்சியகத்தை நம்பலாம். எந்தக் கேள்விக்கு எந்தச் சாட்சி என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் முதல் நுட்பம். உப்புத்தாள் தேய்ப்பதும் டெக்கால் ஒட்டுவதும் அதற்குப் பிறகு வருபவை.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படச்சுருள்களில் ஒரு வகைக்குச் சிவப்பு தெரியாது. அதில் சிவப்பும் ஆரஞ்சும் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். ஜப்பானியக் கடற்படை சோதனை விமானங்களுக்கு ஆரஞ்சு மஞ்சள் பூசும் வழக்கம் வைத்திருந்தது. போர் விமானங்களின் மேற்புறத்துக்குக் கரும்பச்சை. படத்தில் அடர்த்தியாகத் தெரியும் ஒரு பரப்பு பச்சையா, ஆரஞ்சா என்பதை அடர்த்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எந்தச் சுருளில் எடுத்தது என்று தெரிய வேண்டும், பக்கத்தில் இருக்கும் ஜப்பானியச் சின்னமான சிவப்பு வட்டத்தோடு ஒப்பிட வேண்டும், அப்படிச் செய்தும் முடிவு ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடுதான் நிற்கும். ஆயுதத்திலோ இத்தனை ஐயமில்லை. கிக்காவைச் சண்டை விமானமாக்கி 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டு பொருத்தும் திட்டம் தாளில் இருந்தது. பறந்த விமானத்தில் பீரங்கி இல்லை. மெஸர்ஷ்மிட் 262-இன் நகல் என்று அடிக்கடி சொல்லப்படுவதும் அளந்து பார்த்தால் நிற்காது. ஜெர்மன் விமானத்தின் சிறகு 12.6 மீட்டர், நீளம் 10.6, கிக்காவின் சிறகு 10 மீட்டர், நீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். உருவச் சாயல் உண்டு, ஆனால் உடல் வேறு. இரண்டையும் ஒரே அளவில் கட்டிப் பக்கத்தில் வைத்தால் ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் அது விளங்கிவிடும். மாதிரி கட்டுவது ஒரு வாதத்தைக் கையால் நிறுவுவது என்று நான் நம்புவதற்கு இது போதுமான எடுத்துக்காட்டு.

“பொழுதுபோக்குக்குச் செய்வதில் நீதிமன்றம் எதற்கு? 1946-லும் போர் நடந்திருந்தால் கிக்கா எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய எங்களுக்கு உரிமை இல்லையா?” என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். உரிமை உண்டு. கற்பனை விமானங்களை வெளிப்படையாகக் கற்பனை என்று சொல்லிக் கட்டுவதும் ஒரு கலைதான். என் கவலை, முன்மாதிரிகள் விஷயத்தில் அந்த எல்லைக்கோடு மிக மெல்லியது என்பது. ஜீரோவில் ஊதா நிறம் பூசினால் யாரும் ஏமாற மாட்டார்கள். கிக்காவில் கரும்பச்சை பூசி, ஒரு படையணி எண் எழுதி, குண்டுபட்ட தழும்பும் புகைக்கறையும் வைத்தால் பார்ப்பவர் அதை வரலாறென்றே எடுத்துக்கொள்வார், ஏனென்றால் அவரிடம் ஒப்பிட வேறு எதுவும் இல்லை. ஷிண்டென் என்ற இன்னொரு ஜப்பானிய முன்மாதிரிக்கு இது நடந்தேவிட்டது. சிறிய சிறகு முன்னால், எஞ்சினும் ஆறு அலகு சுழலியும் பின்னால், மூக்கில் நான்கு பீரங்கிக்கு இடம் என்று மசாவோகி த்சுருனோ வடிவமைத்த அழகான விமானம் அது. கிளம்பும்போது மூக்கு தூக்கிச் சுழலி தரையில் இடித்துவிட்டதால், பின்சிறகுகளின் அடியில் சின்னச் சக்கரங்கள் கட்ட வேண்டி வந்தது. 1945 ஆகஸ்டில் மூன்று முறை, எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் அளவில் பறந்தது. ஒருமுறைகூடச் சக்கரத்தை உள்ளே இழுக்கவில்லை. மணிக்கு 750 கிலோமீட்டர் என்ற இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் ஷிண்டென் என்று தேடிப் பாருங்கள்; சக்கரத்தை மடக்கி, மேகத்தைக் கிழித்து, பி-29-களை வீழ்த்தும் ஓவியங்களே முன்னால் வந்து நிற்கும். 2023-ல் வந்த காட்ஸில்லா படத்துக்காகச் செய்த முழு அளவு ஷிண்டென் இப்போது ஃபுகுவோகா மாநிலத்துத் தச்சியராய் அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. திரைப்படம் தன்னைக் கற்பனை என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அதில் குற்றம் காண மாட்டேன். நம் மேசையில் இருக்கும் மாதிரி அப்படி எதுவும் சொல்லாமல் நிற்கிறது. அதற்காகத்தான் நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும். “ஜப்பானியப் போர் விமானத்தை நாம் ஏன் கட்ட வேண்டும்? அவர்கள் நமக்குச் செய்தது போதாதா?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கலாம். கேட்பதற்கு முழு நியாயம் உண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பைத் தாக்கிய விமானங்களில் நகாஜிமா நிறுவனம் வடிவமைத்த பி5என் வகையும் இருந்தது. மறுநாள் ரியூஜோ கப்பலிலிருந்து கிளம்பி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டவையும் அதே வகைதான். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு நேரே கடலில் ஹெர்ம்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த மாதம் மதராஸே காலியானது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் போயின. பீப்பிள்ஸ் பார்க்கில் கூண்டுக்குள் இருந்த கொடிய விலங்குகளை, கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று பயந்து, சுட்டுக் கொன்றார்கள். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் ஒன்று இரவில் வந்து இந்த நகரத்தில் குண்டு போட்டுவிட்டும் போனது. அதே அக்டோபர் 17 அன்று, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் இரு முனைகள் இணைந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அந்தப் பாதையோரத்தில் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள், காலராவிலும் பசியிலும் அடியிலும். நான்கே நாள் கழித்து, அக்டோபர் 21 அன்று, சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். அவர் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி மதராஸில் பிறந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஒரே மாதத்தில் இத்தனையும். அண்ணன் ரயில் பாதையில் செத்து, தம்பி ஜப்பான் துணையோடு நின்ற படையில் சேர்ந்த குடும்பம் இருந்திருக்கக்கூடிய காலம் அது. அதை நட்பு என்றோ பகை என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட நம்மால் முடியாது.

ஆகவே கட்டாமல் இருந்துவிடுவது இந்த நினைவுக்கு மரியாதை செய்வதாக எனக்குப் படவில்லை. கட்டாத விமானம் எதையும் நினைவூட்டாது. சரியாகக் கட்டிய கிக்கா நினைவூட்டும். 1942-ல் ஆயிரக்கணக்கில் விமானம் செய்து வங்கக்கடல் முழுவதையும் நடுங்கவைத்த ஒரு தொழிற்பலம், மூன்றே ஆண்டில் பட்டுப்புழுக் கொட்டகைக்குள் ஒளிந்துகொண்டு, ஒற்றை வரைபடத்தைக் கையில் வைத்துத் தட்டுத்தடுமாறி எஞ்சின் செய்யும் நிலைக்கு வந்ததை அது காட்டும். குகைக்குள் ஒளித்துவைக்கத் தோதாக அதன் சிறகுகள் மடிவதே அந்த நிலைமையின் தடயம்தான். பெயரையும் பாருங்கள். ஜப்பானிய மொழியில் ‘கா’ என்றால் மலர். உயிரோடு திரும்ப வழியில்லாத தற்கொலை விமானத்துக்கு ஓகா, செர்ரி மலர், என்று பெயர் வைத்த அதே கடற்படை இதற்கு ஆரஞ்சு வகை மரமொன்றின் மலரைப் பெயராக்கியது. அந்த ஆண்டில் இளம் விமானிகளிடம் அது எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதையும் இந்தப் பெயர் வரிசை சொல்கிறது. இப்படிப்பட்ட விமானத்துக்குக் கற்பனையில் ஒரு படையணியும் வெற்றிக் கணக்கும் கொடுப்பது, அதற்குக் கிடைக்காத வெற்றியை நாம் பரிசளிப்பதாகும். கொழும்பின் பக்கத்தில், விசாகப்பட்டினத்தின் பக்கத்தில், அந்த ரயில் பாதையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது நாம் கொடுக்கக்கூடிய பரிசு இல்லை. வீட்டுப் பெரியவர்களின் ஆட்சேபம் நியாயமாகப் பாய வேண்டிய இடமும் கற்பனைக் கிக்கா ஒன்றுதான்.

“நம் ஊர் விமானங்களைக் கட்டக் கூடாதா?” என்ற கேள்விக்கு நான் மறுப்பே சொல்ல மாட்டேன். கட்டுங்கள். மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் 1910-ல் சிம்ப்சன் பட்டறையில் இரட்டைச் சிறகு விமானம் ஒன்றைச் செய்வித்துப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அதுவும் ஒரு முன்மாதிரிதான், மதராஸின் முன்மாதிரி. அதற்குக் கிட் வராது; சட்டத்தையும் துணியையும் கம்பியையும் நீங்களே அளந்து செய்ய வேண்டும், அளவெடுக்க உடலும் எஞ்சியிருக்கவில்லை. பெங்களூரில் கர்ட் டாங்க் வடிவமைத்து 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்த மாருத் ஜெட் போர் விமானம் இருக்கிறது; அதற்கு முன்னால் அதே வடிவில் மரத்தில் செய்து பறக்கவிட்ட கிளைடரும் இருக்கிறது. தகுந்த எஞ்சின் கிடைக்காமல் மாருத் பட்ட பாடு கிக்கா பட்ட பாட்டுக்குத் தூரத்து உறவு. ஆனால் உள்ளூர்ப் பாசம் வரும் இடத்தில் சான்றுக்கு மிஞ்சிக் கட்டும் ஆசை இன்னும் அதிகமாக வரும். டி ஏஞ்சலிஸின் விமானத்துக்கு இல்லாத அழகெல்லாம் சேர்க்கத் தோன்றும். கிக்காவில் பழகிய கண்டிப்பு அங்கே உதவும் என்பதால்தான் கிக்காவை முதலில் கட்டச் சொல்கிறேன்.

கடைசியாக, “இவ்வளவு நுணுக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?” என்பவர்களுக்கு. 1/48-ல் ஒரு மில்லிமீட்டர் என்றால் அசல் விமானத்தில் கிட்டத்தட்ட ஐந்து சென்டிமீட்டர். எஞ்சின் கூடு இரண்டு மில்லிமீட்டர் ஒல்லியாகிவிட்டால் நே-20 உள்ளே போகாது. அருங்காட்சியகத்து உடலில் இருக்கும் அதே பிசகை நீங்களும் செய்தவர்களாவீர்கள். பொறியியல் படிக்கும் ஒரு பெண்ணோ பையனோ அதைக் கண்டுபிடித்துக் கேட்கும் நாள் வரும். மற்றவை கைவேலை, அதில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கடலோரம் என்பதற்காக இரண்டு குறிப்பு மட்டும். ஐப்பசி கார்த்திகையில் ஈரக்காற்று அடிக்கும்போது லாக்கர் பெயின்ட் பூசினால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை பூத்துவிடும். கரும்பச்சையில் அது பளிச்சென்று தெரியும், பிறகு எது உங்கள் நிறம், எது மழையின் நிறம் என்று உங்களுக்கே தெரியாது. ஏர்பிரஷ் கம்ப்ரெஸரின் நீர்ப்பொறியை அடிக்கடி வடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு பூசுங்கள். இன்னொன்று, கிக்கா மூக்குச் சக்கரத்தில் நிற்கும் விமானம். மூக்கில் எடை இல்லாவிட்டால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். வலையின் அடிக்கயிற்றில் கோர்க்கும் ஈயக்குண்டு சீனிவாசபுரம் பக்கம் கிடைக்கும். சிறியதாக இரண்டு மூன்று போட்டு, உடலை ஒட்டும் முன்பே நிறுத்திப் பாருங்கள்.

அடித்தட்டையும் இப்போதே செய்துவிடுங்கள், விமானம் முடிந்த பிறகு அந்தப் பொறுமை இருக்காது. முதல் வரியில் ‘நகாஜிமா கிக்கா, முதல் முன்மாதிரி, கிசராசு, 1945 ஆகஸ்ட் 7’ என்று எழுதுங்கள். அதன் கீழே, எதையெல்லாம் ஊகித்துச் செய்தீர்களோ அதையெல்லாம் எழுதுங்கள்: மேற்புறத்தின் நிறம், காக்பிட்டின் உட்புறம், சக்கரக் குழிக்குள் ஓடும் குழாய்கள், படத்தில் நிழலில் மறைந்துபோன பக்கம். பட்டியல் நீளும். இடம் போதவில்லை என்றால் பலகையைப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து வாசகர் ஒருவர்
பட்டினப்பாக்கம்